நாலு சக்கரம், ஒரு தாழ்ப்பாள்

சரக்கு வேனையே வீடாக்கிக்கொண்டு தில்லியிலிருந்து சித்தோர்கட் வரை ஒரு பயணம்

இந்தியச் சாலைகளில் வண்டியில் படுத்துத் தூங்குபவர்களுக்குப் பஞ்சமில்லை. லாரி ஓட்டுநர் தன் இருக்கைக்குப் பின்னால் இருக்கும் பலகையில் தூங்குகிறார். கிளீனர் தார்ப்பாயின் மேல் தூங்குகிறார். ஆட்டோக்காரர் பின் சீட்டில் கால்களை மடக்கிக்கொண்டு தூங்குகிறார். யாரும் அவர்களைத் திரும்பிப் பார்ப்பதில்லை. ஆனால், தில்லியில் சொந்த வீடு உள்ள ஒருவர் ஒரு சரக்கு வேனுக்குள் மெத்தை போட்டு, திரைச்சீலை கட்டி, "ஊர் சுற்றப் போகிறேன்" என்று கிளம்பினால் தெருவே கூடி வேடிக்கை பார்க்கிறது.

கிழக்கு தில்லியில் வசிக்கும் என் நண்பருக்கு வயது 57. ஒரு அலுவலகக் கேன்டீனுக்குப் பல ஆண்டுகள் இட்லி மாவு சப்ளை செய்துவந்தார். 2020இல் கேன்டீன் மூடப்பட்டதும் மாவு ஏற்றிய சிறிய வேன் வாசலில் சும்மா நின்றது. விற்கலாம் என்றால் பழைய வண்டி வியாபாரிகள் கேட்ட விலை அவருக்குக் கட்டுப்படியாகவில்லை. "இரும்பு விலைக்குக் கேட்கிறான் தம்பி. அதுக்கு நானே இதுல குடித்தனம் பண்ணலாம்" என்றார். விளையாட்டாகச் சொன்னதை ஒரு மாதத்தில் செய்தும் காட்டினார்.

இது புதிய யோசனை அல்ல. ஜெர்மனியில் ஃபோக்ஸ்வாகன் வேன் 1950இல் வெளிவந்த மறு ஆண்டே, வெஸ்ட்ஃபாலியா நிறுவனம் அதற்கென்று 'கேம்பிங் பாக்ஸ்' என்ற மரச்சாமான் தொகுப்பை விற்பனைக்குக் கொண்டுவந்தது. வார நாளில் சரக்கு ஏற்றலாம். சனிக்கிழமை பெட்டியை உள்ளே வைத்தால் வண்டி வீடாகிவிடும். அப்படிப்பட்ட வேன்களில்தான் 1960களிலும் 70களிலும் ஐரோப்பிய இளைஞர்கள் இஸ்தான்புல், டெஹ்ரான், காபூல் வழியாகத் தில்லிக்கு வந்து சேர்ந்தார்கள். 1979இல் ஈரானில் நடந்த புரட்சியும் ஆப்கானிஸ்தானில் சோவியத் படை நுழைந்ததும் அந்தப் பாதையை அடைத்துவிட்டன. இந்தியாவிலோ 1984இல் வந்து 2019வரை உற்பத்தியான மாருதியின் சிறு வேன் பள்ளிக்கூட வண்டியாகவும் ஆம்புலன்ஸாகவும் நடமாடும் கடையாகவும் மாறியது. வீடாகத்தான் அதிகம் மாறவில்லை.

வெஸ்ட்ஃபாலியாவின் பெட்டித் தத்துவத்தையே நண்பரும் பின்பற்றியிருக்கிறார். அதற்குக் காரணம் ரசனை அல்ல, சட்டம். வாகனத்தைத் தயாரிப்பாளர் கொடுத்த வடிவத்திலிருந்து மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52வது பிரிவு கட்டுப்படுத்துகிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதைக் கறாராகச் சொல்லிவிட்டது. பதிவுக்கான வாகனப் பட்டியலில் 'கேம்பர் வேன்' என்று ஒரு வகை இருக்கிறது. ஆனால் மாவு வண்டி அந்த வகைக்கு மாற வேண்டுமானால் அனுமதிகளுக்காக அலைய வேண்டும். ஆகவே வண்டியின் உடம்பில் அவர் ஒரு துளைகூடப் போடவில்லை. உள்ளே இருப்பதெல்லாம் தூக்கி இறக்கக்கூடிய சாமான். ஓடும்போது முன்னால் உள்ள இரண்டு இருக்கைகளில் இரண்டு பேர். பின்னால் யாரும் உட்காருவதில்லை. வண்டி நின்ற பிறகுதான் அது படுக்கையறை.

வேலை நடந்த விதத்தைச் சொன்னால் ஆசைப்படுபவர்களுக்கு உதவும். வேனின் பின்பகுதி சுமார் ஆறடி நீளம், நாலேகால் அடி அகலம். கீர்த்தி நகர் மரச் சந்தையில் வாங்கிய 12 மில்லிமீட்டர் கனமுள்ள, தண்ணீர் தாங்கும் பிளைவுட் மூன்று தகடுகள். தச்சர் இரண்டு நாளில் இரண்டு நீளப் பெட்டிகள் செய்தார். பெட்டிகள் பக்கத்துக்கு ஒன்றாக உட்கார்ந்துகொள்கின்றன; பகலில் அவையே பெஞ்சு. இரவில் நடுவில் உள்ள இடைவெளியின்மேல் பலகைகளை அடுக்கி, நாலு அங்குல நுரை மெத்தையை விரித்தால் கட்டில். ஒரு பெட்டிக்குள் துணிமணி, போர்வை. இன்னொன்றில் பாத்திரம், அரிசி, பருப்பு, ஸ்டவ். பிரேக் பிடித்தால் பெட்டி பாய்ந்து வந்து முதுகில் மோதும் என்பதால், தரையில் ஏற்கெனவே இருந்த சரக்குக் கொக்கிகளில் பட்டை போட்டு இறுக்கியிருக்கிறார்.

மின்சாரத்துக்குச் சாந்தினி சௌக்கின் பகீரத் பேலஸ் கடைகள். 12 வோல்ட், 40 ஆம்பியர்-மணி பேட்டரி ஒன்று. இதில் சேர்வது 480 வாட்-மணி. ஆனால் இந்த வகை பேட்டரியைப் பாதிக்கு மேல் காலி செய்தால் ஆயுள் குறையும் என்பதால் கைக்கு வருவது 240தான். 20 வாட் சின்ன விசிறி எட்டு மணி நேரம் ஓடினால் 160. விளக்குக்கு 20, கைபேசிகளுக்கு இன்னொரு 20. கணக்கு சரியாக இருக்கிறது. 100 வாட் சூரியத் தகட்டைக் கூரையில் பொருத்தாமல், வண்டி நிற்கும் இடத்தில் வெளியே வெயிலைப் பார்த்துச் சாய்த்துவைக்கிறார். பேட்டரியை ஒட்டியே ஒரு ஃபியூஸ். கம்பி உரசித் தீப்பிடிப்பதைத் தடுப்பது அதுதான்.

இரண்டு விதிகளில் மட்டும் அவர் விட்டுக்கொடுப்பதில்லை. வண்டிக்குள் அடுப்பு பற்றவைக்கக் கூடாது. மூடிய தகரப் பெட்டிக்குள் சேரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும். இரண்டாவது, எவ்வளவு குளிரானாலும் முன் கண்ணாடிகளை இரண்டு விரல் அகலம் திறந்து வைத்து, கொசுவலை மாட்டிவிட வேண்டும். இல்லையென்றால் மூச்சுக்காற்றும் வெளியேறாது. விடியற்காலையில் கூரைத் தகரத்திலிருந்து தண்ணீர் சொட்டும்.

மரம், மெத்தை, மின்சாரம், தச்சர் கூலி, திரை, வலை, 20 லிட்டர் தண்ணீர் கேன் இரண்டு. ஆக மொத்தச் செலவு ரூ. 31,300.

எல்லாம் முடிந்தபோது அண்ணி ஒரே ஒரு கேள்வி கேட்டார். பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். "ராத்திரி ரெண்டு மணிக்கு நான் எங்கே போவேன்?"

நண்பரிடம் பதில் இல்லை. அண்ணி ஒரு நோட்டுப் புத்தகத்தில் நாலு பத்தி கோடு போட்டுக் கொடுத்தார்: வெளிச்சம், தண்ணீர், தாழ்ப்பாள், மனிதர்கள். "முதல்ல நீங்க ரெண்டு பேரும் போய்ப் பார்த்துட்டு வாங்க. நிக்கிற இடத்துலெல்லாம் இதை எழுதணும். படிச்சுட்டு நான் வர்றதா இல்லையான்னு சொல்றேன்." இப்படித்தான் அந்த வேனின் இன்னொரு இருக்கை எனக்குக் கிடைத்தது.

தில்லியில் தொடங்கிச் சென்னையில் முடிகிறது தேசிய நெடுஞ்சாலை 48. நவம்பர் மாதத்துக் காலையில் அதில் இறங்கி, ஜெய்ப்பூரைத் தாண்டி, சுமார் 370 கிலோமீட்டரில் கிஷன்கட் போய்ச் சேர்ந்தபோது இருட்டிவிட்டது. சலவைக்கல் வியாபாரத்துக்குப் பேர்போன ஊர். சாலையோரம் முழுக்கக் கல் ஏற்றிய லாரிகள். ஒரு தாபாவில் ரொட்டியும் தாலும் சாப்பிட்டோம். வண்டியை இங்கேயே நிறுத்தலாமா என்று கேட்டதற்குத் தாபாக்காரர் ஆச்சரியப்பட்டார். "சாப்பிட்டவன் வேறெங்கே தூங்குவான்?" கயிற்றுக் கட்டில்களில் ஓட்டுநர்கள் வரிசையாகப் படுத்திருந்தார்கள். ஒரு பஞ்சாபி ஓட்டுநர் எங்கள் வேனுக்குள் டார்ச் அடித்துப் பார்த்து, பெட்டி மூடியைத் தட்டிப் பார்த்து, தச்சர் கூலி விசாரித்தார். அந்த இடத்தில் பயம் என்ற பேச்சுக்கே இடமில்லை. ஆனால் குளிப்பதற்கு இருந்தது திறந்தவெளித் தொட்டி. பின்னால் இருந்த ஒரே கழிப்பறைக்குக் கதவு உண்டு, தாழ்ப்பாள் இல்லை. நோட்டில் எழுதினோம்: வெளிச்சம் உண்டு, தண்ணீர் உண்டு, தாழ்ப்பாள் இல்லை, மனிதர்கள் நல்லவர்கள்.

பெட்ரோல் பங்குகளில் காற்று, குடிநீர், கழிப்பறை மூன்றும் இலவசமாகக் கொடுத்தாக வேண்டும் என்பது விதி. வழி நெடுக அதைச் சோதித்துக்கொண்டே போனோம். சில இடங்களில் பெண்கள் கழிப்பறை பளபளவென்று இருந்தது. சில இடங்களில் பூட்டியிருந்தது. சாவி மேனேஜரிடம், மேனேஜர் வீட்டில். ஒரு இடத்தில் உள்ளே துடைப்பங்களும் எண்ணெய் டப்பாக்களும் குடியிருந்தன. வழியில் ஒரு நகரத்து ஏரிக்கரையில், நிலா வெளிச்சத்தில் சுகமாக வண்டியைப் போட்ட இரவில், பதினொரு மணிக்குத் தடியால் தகரத்தைத் தட்டினார் ஒரு காவலர். "என்ன சரக்கு?" என்றார். கதவைத் திறந்து மெத்தையைக் காட்டினோம். சிரித்தார். சிரித்துக்கொண்டே, "இங்கே தூங்கக் கூடாது சார், கிளம்புங்க" என்றார். எங்கே தூங்கலாம் என்று அவருக்கும் தெரியவில்லை.

மறுநாள் பீல்வாடா வழியாகச் சித்தோர்கட். மலைக்கோட்டைக்கு ஏறும் பாதையில் ஏழு வாசல்கள். அதில் வேன் முனகிக்கொண்டே ஏறியது. மேலே ராணா கும்பா 15ஆம் நூற்றாண்டில் எழுப்பிய ஒன்பது அடுக்கு விஜய ஸ்தம்பம். கோட்டைக்கு வெளியே சூரியத் தகட்டைச் சாய்த்து வைத்துவிட்டுச் சமைத்த மத்தியானத்தில்தான் சாலைக்கு எதிர்ப்புறத்தில் சம்மட்டிச் சத்தம் கேட்டது. காடியா லோஹார்கள். காடி என்றால் வண்டி, லோஹார் என்றால் கொல்லர். தில்லி நடைபாதைகளிலும் இவர்களுடைய பட்டறைகளைப் பார்க்கலாம். மேவார் படைக்கு ஆயுதம் செய்தவர்களின் வம்சம் என்று சொல்லிக்கொள்கிறார்கள். 1568இல் சித்தோர் அக்பரிடம் வீழ்ந்தபோது, கோட்டையை மீட்கும்வரை வீடு கட்டி வாழ்வதில்லை, கட்டிலில் படுப்பதில்லை, விளக்கேற்றுவதில்லை என்று சபதம் செய்து மாட்டு வண்டியிலேயே வாழத் தொடங்கினார்கள் என்பது அவர்களிடையே வழங்கும் வரலாறு. 1955 ஏப்ரலில் பிரதமர் நேருவே இங்கு வந்து, அவர்களைக் கோட்டைக்குள் அழைத்துச் சென்று சபதத்தை முடித்துவைத்தார். சபதம் முடிந்தது, பலருக்கு வீடுதான் இன்னும் வந்தபாடில்லை.

துருத்தி ஊதிக்கொண்டிருந்த ஒரு மூதாட்டி எங்கள் வேனைச் சுற்றிவந்து பார்த்தார். பெட்டிகளின் அமைப்பை நண்பர் விளக்க வேண்டியே இருக்கவில்லை. எது எங்கே இருக்கும் என்று அவரே விரலால் சுட்டினார்: கீழே தானியம், மேலே துணி, கனமானது சக்கரத்துக்கு நேராக. பிறகு கேட்டார், "வீடு இல்லையா உங்களுக்கு?"

"இருக்கு அம்மா, தில்லியில்."

"அப்புறம் எதுக்கு இதில் தூங்கறீங்க?" நண்பர் பதில் தேடிக்கொண்டிருந்தபோது அவரே தொடர்ந்தார். "ராத்திரி எழுப்பி விரட்டுவாங்களே?" ஏரிக்கரைக் கதையைச் சொன்னோம். "உங்களை சார்னு கூப்பிட்டு விரட்டறாங்க" என்று சொல்லிவிட்டுத் துருத்திக்குத் திரும்பினார்.

வண்டி வாழ்க்கையைப் பற்றி நான் கேட்டதிலேயே சுருக்கமான விமர்சனம் அதுதான். பெட்டி செய்வதும் பேட்டரி மாட்டுவதும் யாருக்கும் கைவரும். கொஞ்சம் பொறுமையும் ரூ. 31,300ம் இருந்தால் போதும். ஆனால் வண்டி எங்கேயாவது நின்றாக வேண்டும். 2021இல் கேரள அரசு கேரவன் சுற்றுலாவுக்கென்று தனிக் கொள்கையே அறிவித்தது. அதன் தொடர்ச்சியாக வாகமண்ணில் கேரவன் பூங்காவும் வந்தது. நல்ல காரியம். அது பெரும்பாலும் குளிர்சாதன வண்டிகளுக்கும் அதற்கேற்ற வாடகைக்குமான உலகம். மற்றவர்களுக்கு நெடுஞ்சாலையில் ஒரு விளக்கு, ஒரு குழாய், உள்ளிருந்து தாழிடக்கூடிய ஒரு கதவு, விரட்டாத ஒரு மனிதர் போதும். இவை இருந்தால் அண்ணிக்கு மட்டும் அல்ல, லாரி ஓட்டுநருக்கும், கணவரோடு லாரியில் வரும் அவர் மனைவிக்கும், அந்தக் கொல்லர் குடும்பத்துக்கும் இரவு கொஞ்சம் சுலபமாகும்.

திரும்பி வந்ததும் நோட்டுப் புத்தகம் அண்ணியின் கைக்குப் போனது. மொத்தம் ஒன்பது இடங்கள். வெளிச்சம் எட்டில். தண்ணீர் ஏழில். உள்ளே தாழ்ப்பாள் போடக்கூடிய பெண்கள் கழிப்பறை நாலில். ஆசிரியை விடைத்தாள் திருத்துவதுபோல அந்த நாலு பெயர்களையும் சிவப்பு மையால் வட்டமிட்டார். அவற்றுக்கிடையே உள்ள கிலோமீட்டர்களைக் கூட்டிப் பார்த்தார். ஒவ்வொரு நாளும் இருட்டுவதற்குள் வட்டமிட்ட இடத்துக்குப் போய்ச் சேர முடியும் என்று தெரிந்தது.

"வர்றேன்" என்றார். "ஆனா ஏரிக்கரை வேண்டாம். பெட்ரோல் பங்கே போதும்." பிறகு வேனுக்குள் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டு, உள்ளிருந்து அதைத் திறக்க முடிகிறதா என்று மூன்று முறை சோதித்துப் பார்த்தார்.