மரியாதையின் விலை

ஏமாறுகிறவர்களைப் பற்றி நான் நிறையக் கதைகள் எழுதியிருக்கிறேன். எழுதும்போதெல்லாம், 'இப்படியும் ஓர் அசடு உண்டா?' என்று எனக்குள் சிரித்துக்கொண்டதும் உண்டு. அந்த அசட்டைப் போன மாதம் ஒரு மத்தியானம் நேரிலேயே சந்தித்தேன். முகம் பார்க்கும் கண்ணாடியில்தான்!

டெலிபோன் மணி அடித்தது. பாங்கிலிருந்து பேசுவதாக ஒரு வாலிபக் குரல். என் பெயர் அவனுக்குத் தெரிந்திருந்தது. கார்டின் எண்களும் தெரிந்திருந்தன.

"சார், இன்னிக்குச் சாயங்காலத்தோட உங்க கார்டு நின்னுடும். பதறாதீங்க, நான் சரி பண்ணித் தரேன். ஒரு நம்பர் வரும், அதைச் சொன்னாப் போதும்" என்றான்.

ஆறு இலக்கத்தில் ஓர் எண் வந்தது. யாரிடமும் சொல்லாதீர்கள் என்று அதன் கீழேயே எழுதியிருந்தது. படித்தேன், படித்துவிட்டுச் சொன்னேன். பதினெட்டாயிரம் ரூபாய் போயிற்று.

மகள் 1930-க்குப் புகார் செய்தாள். "ஏம்ப்பா சொன்னீங்க?" என்று கேட்டாள்.

"அவ்வளவு மரியாதையாப் பேசினவன்கிட்ட மாட்டேன்னு சொல்ல வாய் வரலைம்மா" என்றேன். அதுதான் உண்மை.

2012-ஆம் வருஷம் ஆகஸ்டில் அமெரிக்காவில் மேட் ஹோனன் என்ற பத்திரிகையாளருக்கு நேர்ந்த கதி எனக்குக் கொஞ்சம் ஆறுதல் அளித்தது. கம்ப்யூட்டர் விஷயங்களையே எழுதுகிறவர் அவர். அவருடைய ரகசியச் சொல்லை யாரும் உடைக்கவில்லை. அவர் பெயரில் அமேசானுக்கு டெலிபோன் செய்து, கணக்கினுள் புகுந்து, கார்டின் கடைசி நான்கு எண்களைப் பார்த்துக்கொண்டார்கள். அந்த நான்கு எண்களையும் விலாசத்தையும் சொன்னதும் ஆப்பிள் கம்பெனிச் சிப்பந்தி ஒருவர் கதவைத் திறந்துவிட்டார். அவருடைய மடிக்கணினியில் இருந்த குழந்தையின் புகைப்படங்கள் உட்பட எல்லாம் அழிக்கப்பட்டன. பிறகு பணம் செலவழித்துப் பெரும்பாலானவற்றை மீட்டார்.

அந்தச் சிப்பந்தி கெட்டவர் என்று நான் நினைக்கவில்லை. தவிக்கிற ஒருவருக்கு உதவுவதாக எண்ணியிருப்பார். பூட்டு நல்ல பூட்டுத்தான். பக்கத்தில் நின்ற மனிதன் இளகிவிட்டான்.

போன வாரம் புதிய எண்ணிலிருந்து பேரன் பேசினான். அவன் டெலிபோன் உடைந்துவிட்டதாம். பரீட்சைக்குப் பணம் கட்ட வேண்டுமாம். குரல் அவனுடையதுதான். ஆனாலும், "வெச்சுடுப்பா, உங்கம்மாவைக் கேட்டுட்டு அனுப்பறேன்" என்றேன்.

"என்னையே நம்பலையா தாத்தா?" என்றான்.

விசாரித்தேன், அவனேதான். உடனே பணம் அனுப்பினேன். பதினெட்டாயிரம் போன அன்றுகூட நன்றாகத் தூங்கினவன் நான். அன்று இரவு தூக்கம் வரவில்லை.