சில்வியா ராபின்சன்: ஹிப்-ஹாப்பை இசைத்தட்டில் ஏற்றியவர்

1970களில் நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில், இசைத்தட்டுகளைச் சுழற்றும் டிஜேயும், அத்தாளத்தின் மேல் எதுகையோடு பேசிச்செல்லும் ராப் கலைஞரும் சேர்ந்து வளர்த்த ஹிப்-ஹாப், கொண்டாட்டம் முடிந்ததும் காற்றில் கரைந்துவிடும் கலையாகவே பலருக்குத் தோன்றிய காலத்தில், அதைப் பதிவுசெய்து விற்க முடியும் என்று துணிந்தவர், ஹார்லெமில் பிறந்த பாடகி சில்வியா ராபின்சன்.

கணவர் ஜோவுடன் நியூஜெர்சியில் அவர் தொடங்கிய ‘சுகர் ஹில் ரெக்கார்ட்ஸ்’, 1979இல் ஏறத்தாழ 15 நிமிடம் ஓடும் ‘ராப்பர்ஸ் டிலைட்’டை வெளியிட்டது. ஷீக் குழுவின் ‘குட் டைம்ஸ்’ பாடலின் அடிநாதத்தை, அதாவது பேஸ் கிட்டாரில் திரும்பத்திரும்ப வரும் கீழ்ச்சுர வரிசையை, கலைஞர்களைக் கொண்டு மீண்டும் வாசிக்கச்செய்தே அது உருவாயிற்று. அதில் ஒலித்த அடிகளுள் சில பிராங்க்ஸின் கிராண்ட்மாஸ்டர் கேஸ் எழுதியவை. அவருக்கு உரிய மதிப்பு கிட்டாமற்போனது இவ்வரலாற்றின் ஆறாத புண்.

எனினும் ராபின்சனின் நுண்ணிய செவி முழுமையாக வெளிப்பட்டது 1982இன் ‘தி மெசேஜ்’ பாடலில்தான். கொண்டாட்டப் பாடல்களுக்குப் பழகிய கிராண்ட்மாஸ்டர் ஃபிளாஷ் குழுவினர் தயங்கியபோதும், நகர்ப்புற வறுமையை நேர்நின்று பேசிய அப்பாடலை வெளிக்கொணர்வதில் அவர் உறுதியாக நின்றார். 2002இல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் தேசிய ஒலிப்பதிவுப் பதிவேட்டில் இடம்பெற்ற முதல் ஹிப்-ஹாப் பதிவு அதுவே. ராபின்சன் 2011இல் மறைந்தார்; ராக் அண்ட் ரோல் புகழ்மண்டபம் அவரைச் சேர்த்துக்கொள்ள 2022 வரை காலம் எடுத்துக்கொண்டது.