சுடரைப் பிரித்துக் கணக்கிடுவது

மீத்தேன் சுடரைக் கணினியில் எரியவிடுவதுதான் என் வேலை. இந்தத் துறையில் பலரும் எடுத்தாளும் ஜிஆர்ஐ-மெக் 3.0 வினைத்தொகுதியில் 53 வேதிப்பொருள்கள், 325 வினைகள். எரியும் இடத்தைப் பத்து லட்சம் கட்டங்களாக வெட்டினால், பொருள்களின் அளவுகள் மட்டுமே 5.3 கோடி மாறிகள். வாயுவின் ஓட்டம் மில்லிவினாடிக் கணக்கில் நகரும்போது, சுடருக்குள் ஹைட்ரஜன் அணு போன்ற ரேடிக்கல்கள் அதைவிடப் பல்லாயிரம் மடங்கு வேகத்தில் தோன்றி மறைகின்றன. எல்லாவற்றையும் ஒரே தொகுதியாகத் தீர்க்கப் போனால் கட்டுப்படியாகாது.

அதனால் பிரிக்கிறோம். முதலில் ஓட்டமும் பரவலும் மட்டும்; வினை நிற்கும். பிறகு ஓட்டத்தை நிறுத்திவிட்டு வினையை மட்டும் ஓடவிடுகிறோம். வினை நடக்கும்போது ஒரு கட்டம் பக்கத்துக் கட்டத்தைத் திரும்பிப் பார்ப்பதே இல்லை. அந்தக் கோடிக்கணக்கான மாறிகள், 53 பொருள்களும் ஒரு வெப்பநிலையும் கொண்ட பத்து லட்சம் குட்டிக் கணக்குகளாக உடைந்துவிடுகின்றன. அவற்றைச் செயலிகளுக்குப் பங்குபோட்டுக் கொடுத்துவிடலாம்.

1968-ல் கணிதவியலாளர் கில்பர்ட் ஸ்ட்ராங் ஒரு வரிசை சொன்னார்: ஒன்றுக்கு அரை நேரப்படி, மற்றதற்கு முழுப்படி, மறுபடி முதலாவதற்கு அரைப்படி. இந்தச் சமச்சீர் போதும்; நேரப்படியைப் பாதியாக்கினால் பிழை நாலில் ஒன்றாகிறது. இவ்வளவு எளிய மாற்றத்துக்கு இவ்வளவு பலனா என்று இன்றும் எனக்கு மலைப்புதான். ஆனால் வினை மிக வேகமாகவும் நேரப்படி பெரிதாகவும் இருக்கும்போது அந்தப் பலன் முழுதாகக் கிடைப்பதில்லை.

சுடர் அணையும் விளிம்பில் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். கலனுக்குள் குளிர்ந்த புதுவாயு வருகிறது, எரிந்த வாயு போகிறது. நிஜத்தில் குளிர்ச்சியும் வினையின் வெப்பமும் நொடிதோறும் ஒன்றையொன்று ஈடுகட்டுகின்றன. பிரித்த கணக்கிலோ குளிர்ச்சி மொத்தமாக முதலில் வந்துவிடுகிறது. படி பெரிதாக இருந்தால், வினையின் முறை வரும்போது அதற்கு மீளும் சூடு இருக்காது. எரிய வேண்டிய சுடர் திரையில் அணைகிறது. நிரல் எந்த எச்சரிக்கையும் தராது. வரைபடமும் வழவழப்பாகவே இருக்கும். வினையைத் தீர்க்கும் நிரலின் துல்லியத்தை எவ்வளவு இறுக்கினாலும் பயனில்லை. பிழை அதற்குள் இல்லை, இரண்டு படிகளும் சேரும் இடத்தில் இருக்கிறது.

நிலையாக எரியும் சுடரிலும் இதே தொல்லைதான். பரவலும் வினையும் எதிரெதிராக இழுத்துச் சமமாகி நிற்கும் இடத்தில், தனித்தனியே பார்த்தால் இரண்டும் பெரியவை. அதனால் ஸ்ட்ராங் முறையில் கிடைக்கும் நிலையான விடை, நேரப்படியைப் பொறுத்துச் சற்றே இடம்பெயர்கிறது. 2013-ல் ஸ்பெத், கிரீன், மெக்னமாரா ஆகியோருடன் ஸ்ட்ராங்கும் சேர்ந்து இதற்கு ஒரு மருந்து எழுதினார். ஒரு மாறிலியை ஒரு பக்கம் கூட்டி மறுபக்கம் கழித்தால், சமநிலையில் இரண்டு படிகளிலுமே மாற்றம் தனித்தனியாகச் சுழியாகிவிடும். 45 ஆண்டுகளுக்குப் பிறகு தன் முறையின் குறையைத் தானே சேர்ந்து தீர்த்தவர் என்பதால் அவர்மேல் எனக்குத் தனி மரியாதை. இந்த மருந்தையும் கவனமாகவே கையாள வேண்டும். மிகச் சொற்பமாக உள்ள பொருள்களின் அளவு சுழிக்குக் கீழே இறங்கிவிடக்கூடும்.

இந்தத் துறைக்கு வரும் மாணவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். சுடர் அணைந்தது என்று எழுதுவதற்கு முன் நேரப்படியைப் பாதியாக்கி இன்னொரு முறை ஓட்டுங்கள். இரண்டு விடைகளையும் ஆய்வேட்டில் போடுங்கள்.