கடைசித் தோல்

ஈப்போ பழைய நகரத்தின் அஞ்சடி நடைபாதைகளில் இரண்டு நாள் தரையைப் பார்த்தபடியே நடந்தேன். கடைவாசல்களில் பதித்திருக்கும் பழைய பூவோடுகளை வரைந்துகொள்ளத்தான் கிள்ளானிலிருந்து வந்திருந்தேன். துண்டுத் துணிகளை ஒட்டிப் போர்வை தைப்பது என் வேலை. நான்கு ஓடுகள் மூலையில் சந்திக்கும்போதுதான் ஒரு பூ முழுதாகிறது. அந்தக் கணக்கை அப்படியே துணிக்கு மாற்றலாம். மூன்றாம் நாள், தங்கியிருந்த வீட்டு அக்கா என் நோட்டைப் புரட்டிவிட்டு, "ஓடு பாத்தது போதும். தஞ்சோங் ரம்புத்தான்ல எங்க பெரியம்மா தைக்கிறத வந்து பாருங்க" என்று காரை எடுத்தார்.

தஞ்சோங் ரம்புத்தான் என்றால் மலேசியாவில் பலருக்கும் நினைவு வருவது 1911-இல் திறந்த மனநல மருத்துவமனைதான். ஊர்ப்பெயரைச் சொல்லியே ஆளைக் கேலி செய்வார்கள். எனக்கு அது எப்போதும் உறுத்தும். கிந்தா ஆறு மலையிலிருந்து இறங்கிவரும் பக்கம், விடியற்காலையில் குளிர் எலும்பைத் தொடும் ஊர். 1877-இலேயே கோலகங்சாரில் ரப்பர் கன்று ஊன்றிய மாநிலம் இது. இங்கும் பால்மரம் நின்ற நிலத்தில் இப்போது தாமான் வீடுகள். அவற்றில் ஒன்றில்தான் பெரியம்மா இருக்கிறார்.

வாசலில் பாய் போட்டு, அதன்மேல் நாலு அடுக்காகத் துணி விரித்து, மூலைக்கு ஒரு கல் வைத்திருந்தார். அடியில் வாயில் சேலை, நடுவில் சாயம் போன கைலி இரண்டு, மேலே துண்டுகள் சேர்த்த முகப்பு. வயது எழுபத்தெட்டு. பதினான்கில் பால் வெட்டப் போனவர்.

முகப்பின் நிறங்கள் என்னை அசரவைத்தன. கிளிப்பச்சை, அரக்குச் சிவப்பு, இடையிடையே சரிகை ஓரம். வேலைத்துணி ஒன்றுகூட இல்லை. ஏன் என்று கேட்டேன்.

"பால் பட்ட துணிய வச்சு என்னம்மா செய்யிறது? கறுத்து வெறச்சுப் போயிரும். ஊசி ஏறாது. சட்டைய செவுத்துல சாத்தி வச்சா அதுவா நிக்கும்."

மரப்பால் காய்ந்தால் இழைக்குள்ளேயே ரப்பராகிவிடும். எந்தச் சவர்க்காரத்துக்கும் அசையாது. ஆகவே போர்வைக்குத் தீபாவளிச் சேலையும் திருவிழாச் சேலையும்தான் வந்து சேர்ந்தன. அவர் அதிக நாள் உடுத்தியிருந்த துணிக்கு அதில் இடமில்லை. அந்த நாளில் இப்படிப்பட்ட போர்வையில் சுற்றித்தான் பிள்ளைகளை இருட்டோடு ஆயாக்கொட்டகையில் விட்டுவிட்டு, ஆள்கணக்கு எடுக்கும் பெரட்டுக்கு ஓடுவார்களாம்.

இப்போது துண்டுகள் பக்கத்து வீட்டு மலாய்த் தையல்காரம்மா தருகிறார்: பாஜு கூரோங் வெட்டி மிஞ்சியவை. 'காயின் பெர்ச்சா' என்று பையில் போட்டு வேலிக்கு மேலே நீட்டுவாராம். பெர்ச்சா என்றால் துணிக்கிழிசல். கடலடித் தந்திக் கம்பிகளுக்கு உறையாகப் போன 'கெத்தா பெர்ச்சா' மரப்பிசினின் பெயரிலும் இதே சொல்தான். கிழிசல்போல இருக்கும் பிசின் என்று அகராதி பிரிக்கிறது. மரப்பாலும் கந்தல் துணியும் இந்த மண்ணின் ஒரே சொல்லுக்குள் இருப்பதை நான் அந்த வாசலில்தான் கவனித்தேன்.

தையலைப் பார்த்தபோது, விடுபட்ட வேலை எங்கே போய் உட்கார்ந்திருக்கிறது என்று தெரிந்தது. வரிகள் நேராக ஓடவில்லை. எல்லாம் இடப்பக்கம் மேலே தொடங்கி வலப்பக்கம் கீழே சரிந்தன, ஒவ்வொன்றும் முந்தியதற்கு ஒரு நக அகலம் கீழே. பால்மரத்து வெட்டும் அப்படித்தான். பட்டைக்குள் பால்குழாய்கள் சற்றே வலமாகச் சாய்ந்து ஏறுவதால், ஏறத்தாழ 30 பாகை சரித்து இடமிருந்து வலமாக இறக்கினால்தான் அதிகக் குழாய்கள் அறுபடும். அடுத்த முறை அதே வெட்டின் கீழ்விளிம்பில் மெல்லிய சீவல். சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவின் ஹென்றி ரிட்லி 1890-களில் பரப்பிய முறை அது.

"நேரா தச்சா ஒரே இழைய இழுக்கும், தொவைக்கத் தொவைக்கக் கிழியும். சாச்சுத் தச்சா பல இழை தாங்கும்" என்றார் பெரியம்மா. அது தையல்காரியின் காரணம், நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வடகன்னடத்துச் சித்தி இனப் பெண்கள் தங்கள் கவந்திப் போர்வையை விளிம்பில் தொடங்கி நடுவை நோக்கிச் சுற்றிச் சுற்றித் தைக்கிறார்கள். அதுவும் உறுதியான போர்வைதான். இங்கே கை மேலிருந்து நிரை நிரையாக இறங்குகிறது.

ஊசியை என்னிடம் கொடுத்தார். மூன்று வரி தைத்தேன். கல்லை எடுத்துப் போர்வையைப் புரட்டி, உள்ளங்கையால் அடிச்சேலையைத் தடவினார்.

"மரத்துல கடைசித் தோல கத்தி தொடக்கூடாது. தொட்டா காயம், அந்த எடத்துல பட்ட முண்டு முண்டா வளரும், கங்காணி ஏசுவாரு. துணியில கடைசித் தோல ஊசி தொடாம வரக்கூடாது."

கட்டையைத் தொடுமுன் பட்டையில் ஒரு மில்லிமீட்டர் அளவு மிச்சம் வைத்து நிறுத்தவேண்டும். இருட்டில், நெற்றி விளக்கு வெளிச்சத்தில், நூற்றுக்கணக்கான மரங்களில், கண்ணால் அல்ல, கத்தி கைக்குச் சொல்லும் அழுத்தத்தால் அறிந்து நிறுத்திய விரல்கள் அவை. அதே விரல்கள் இப்போது நாலாம் அடுக்கு வரை போய்த் திரும்புகின்றன.

என் வரிகளில் ஐந்து இடத்தில் அடிச்சேலை சிக்கவே இல்லை. அவர் விரல் வைத்துக் காட்டினார். நூலை உருவிவிட்டு, இடப்பக்கம் மேல் மூலையிலிருந்து மறுபடி ஊசியை இறக்கினேன்.