ஓர் இழை இடைவெளி

திருப்பூரில் பனியன் கம்பெனிக்கு வேலை கேட்டு வருபவரிடம் முதலில் கேட்பது, ஓவர்லாக்கா, ஃப்ளாட்லாக்கா, சிங்கரா என்றுதான். ஓவர்லாக் துணியின் ஓரத்தை வெட்டிக்கொண்டே இணைக்கும். ஃப்ளாட்லாக் கையையும் அடியையும் மடித்து அடிக்கும். ஒற்றை ஊசியில் ஓடும் சிங்கர், காலர், பாக்கெட், பிளாக்கெட் போன்ற நுணுக்க வேலைகளுக்கு. மூன்றும் தெரியாதவர் கைமடியாகச் சேர்வார். டைலருக்குப் பிட்டுகளை எடுத்துக் கொடுப்பது, தைத்ததை அடுக்குவது, தொங்கும் நூலை வெட்டுவது அவர் வேலை. கைமடி டைலராகிற பாதையைப் பார்க்கலாம் என்று ஏற்றுமதி கம்பெனி ஒன்றின் பயிற்சிக் கூடத்துக்குப் போயிருந்தேன்.

மெஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன, ஊசிகளில் நூல் இல்லை. துணிக்குப் பதில் கோடு போட்ட காகிதம். முதலில் நேர்கோடு. பிறகு சதுரம்: மூலை வந்ததும் ஊசியைக் கீழே இறக்கி நிறுத்தி, முழங்காலால் நெம்புகோலைத் தள்ளி மெஷினின் பாதத்தைத் தூக்கி, காகிதத்தைத் திருப்ப வேண்டும். கடைசியாக நத்தைச் சுருள். நிமிடத்துக்கு 4,000 தையலுக்கு மேல் ஓடக்கூடிய மெஷின் இது. வீட்டில் மிதிமெஷின் ஓட்டிப் பழகிய கால் லேசாக அழுத்தினாலே கோட்டைத் தாண்டிப் பாய்ந்துவிடும்.

"நூல் இருந்தா தப்பைப் பிரிச்சுட்டு மறைச்சுருவாங்க. பேப்பர்ல விழுந்த ஓட்டைய யாருங்க அடைக்கிறது?" என்றார் பயிற்சி தரும் அக்கா. சிங்கர் டைலராக லைனில் பல வருடம் உட்கார்ந்துவிட்டு இங்கே வந்தவர். காகிதத்தை ஜன்னல் பக்கம் உயர்த்திப் பிடிக்கிறார். ஓட்டைகள் எங்கே நெருங்குகின்றன, எங்கே விலகுகின்றன என்று வெளிச்சத்தில் தெரிகிறது. கால் எந்த இடத்தில் பயந்தது, எங்கே அவசரப்பட்டது என்பதை அதிலேயே சொல்லிவிடுகிறார்.

அடுத்தது துணி. கட்டிங் மேஜையில் மிஞ்சும் துண்டுகள்தான் பழகும் பிட்டுகள். பின்னலாடைத் துணி நெய்த துணியைப் போல அடங்கிக் கிடக்காது. இழுத்தால் நீளும், வெட்டிய ஓரம் தானாகச் சுருளும். இரண்டு பிட்டுகளைச் சேர்த்துத் தைக்கும்போது, அடியில் உள்ளதை மெஷினின் பல் முன்னே தள்ளுகிறது. மேலே உள்ளதைப் பாதம் அழுத்திப் பின்தங்க வைக்கிறது. ஒரே அளவாக வெட்டிய இரண்டு துண்டுகள் முடிவில் ஏற்ற இறக்கமாக நிற்பது இதனால்தான். புதிதாகப் பழகுபவர்கள் நீண்டு நிற்கும் நுனியைக் கத்தரித்துச் சமன் செய்யப் பார்க்கிறார்கள். அக்கா கத்தரியை வாங்கி வைத்துக்கொள்கிறார். இரண்டு துண்டுகளின் நடுவிலும் சிறு வெட்டாக நாட்ச் போட்டு, அந்த இரண்டு வெட்டுகளும் சந்திக்கும்படி தைத்துவரச் சொல்கிறார். கோளாறு தையலின் எந்தப் பாதியில் ஆரம்பித்தது என்பது அப்போது தெரிந்துவிடும்.

இதையெல்லாம் தாண்டியவர்களுக்குப் பிளாக்கெட். காலர் வைத்த டி-சர்ட்டின் முன்கழுத்தில் இரண்டு மூன்று பட்டன் வரும் அந்தப் பட்டைதான் இங்கே பலரைத் திணற வைப்பது. முன்பக்கத் துணியில் பட்டையை வைத்து, ஒன்றுக்கொன்று இணையாக இரண்டு தையல் ஓட்டி, இரண்டையும் கீழே ஒரே மட்டத்தில் நிறுத்த வேண்டும். பிறகு நடுவே கத்தரி இறங்கும். தையல் முடியும் இடத்துக்கு அரை அங்குலம் மேலேயே நின்று, அங்கிருந்து இரு மூலைகளுக்கும் சாய்வாக வெட்ட வேண்டும். வெட்டு கடைசித் தையலுக்கு ஓர் இழை முன்னால் நிற்க வேண்டும். கூடுதலாகத் தள்ளி நின்றால் மூலை சுருங்கும். தையலைத் தொட்டுவிட்டால் ஓட்டை. உடுப்பே போச்சு.

ஒடிசாவிலிருந்து வந்த பெண் ஒருத்தியின் பிட்டில், பட்டையின் அடியில் சதுரமாக அடித்த பெட்டித் தையல் ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. "அக்கா, இத மட்டும் பிரிச்சு அடிக்கவா?" என்றாள். "திருப்பிப் போட்டுப் பாரு கண்ணு" என்றார் அக்கா. உள்பக்கம் பார்த்தால், இடப்பக்கத் தையல் வலப்பக்கத்தைவிட இரண்டு தையல் கீழே போய் நிற்கிறது. குறி சரியாகத்தான் இருந்தது. ஏன் இறங்கியது? அக்கா பதில் சொல்லவில்லை. இன்னொரு பிட்டைக் கொடுத்துத் தைக்கச் சொல்லிவிட்டு அவள் கையைப் பார்த்துக்கொண்டு நின்றார். முடிவை நெருங்கியதும் இடது கை துணியைத் தன்னை அறியாமல் இழுத்துப் பிடித்தது. இழுபட்ட துணியில் குறி நகர்ந்தது. கையை விட்டதும் துணி பழைய அளவுக்குத் திரும்பியது. "கையா?" என்று அவளே கேட்டாள். பெட்டித் தையலை எத்தனை முறை பிரித்து அடித்திருந்தாலும் இது பிடிபட்டிருக்காது.

லைனில் இப்படி நின்று பார்க்க யாருக்கும் நேரமில்லை. பிழை செக்கிங் மேஜையில் தெரிந்து, ஆல்டர் என்று திரும்பி வரும்போது அந்தக் கை அடுத்த பண்டலில் இருக்கும். பின்னல் துணியில் பிரிப்பதும் லேசில்லை. ஊசி ஓர் இழையை அறுத்திருந்தால், பிரித்த இடத்தில் கண் விட்டுப் போகும், துவைத்தால் பெரிதாகும். பந்துமுனை ஊசி போடுவதே அது இழைகளை அறுக்காமல் விலக்கிக்கொண்டு இறங்கும் என்பதற்காகத்தான்.

பிட்டுக்குச் செலவு கிடையாது. வேஸ்ட் மூட்டைக்குப் போகிற துணிதான். விலை உள்ளது நேரம். பீஸ் ரேட்டில் தைப்பவர் பழகும் நேரம் அவருடைய கூலியிலிருந்து போகிறது. ஷிப்ட் கூலியில் இருப்பவருக்கு அது கம்பெனியின் கணக்கில் விழுகிறது. அதனால் தெரிந்த வேலையிலேயே ஆளை நிறுத்திவிடுவது எல்லோருக்கும் வசதி. நேர்த்தையல் போடுகிறவர் வருடக்கணக்கில் நேர்த்தையலே போடுகிறார். கைமடியாக வந்த பெண்கள் பலர் கைமடியாகவே நின்றுவிடுகிறார்கள். திறமைக் குறைவு என்று சொல்லப்படுவதில் பாதி, தப்பாகத் தைத்துப் பார்க்க இடம் கிடைக்காததுதான் என்று எனக்குத் தோன்றியது.

இதைச் சொன்னதும் அக்கா தலையசைத்தார். முதலாளியிடம் அவர் பெரிதாக எதுவும் கேட்கவில்லையாம். "லைன் ஓரத்துல ஒரு சிங்கர் மெஷின் சும்மா கிடக்கட்டும்ங்க. டார்கெட் போர்டுல அதைச் சேர்க்க வேண்டாம். சாயங்காலம் அரைமணி நேரம் யாரு வேணும்னாலும் உக்காந்து பிட்டு ஓட்டிப் பாக்கட்டும். அந்த அரைமணிக்கும் கூலி போட்டுருங்க."