இல்லாத காலின் நோவு

உடம்பில் இல்லாத உறுப்பு நோகுமா? இரண்டு ஆண்டுகளுக்கு முன்னர் எவரேனும் என்னிடம் இவ்வாறு வினவியிருந்தால் நகைத்திருப்பேன்.

என் தங்கையின் மகனுக்கு அப்பொழுது வயது 12. முழங்கால் எலும்பிற் புற்றுநோய் கண்டமையால், உயிரைக் காக்கும்பொருட்டு அவனது இடக்காலைத் தொடையளவில் அகற்ற நேர்ந்தது. சத்திரசிகிச்சை முடிந்து பத்தாம் நாள் இரவு, வைத்தியசாலையில் நானே அவனுக்குத் துணையிருந்தேன். நள்ளிரவில் விழித்தெழுந்தவன், "மாமா, இடக்கால் பெருவிரல் எரியுது" என்று அழுதான்.

போர்வையின்கீழ் அந்த இடம் வெறுமையாய்க் கிடந்தது. "கால்தான் இல்லையே அப்பன்! கனவு கண்டிருப்பாய், படு" என்றேன். அவன் மறுமொழி கூறாது சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான். அதன்பின் மூன்று நாட்களாக நோவைப்பற்றி எவரிடமும் அவன் வாய்திறக்கவில்லை, உணவையும் ஒதுக்கினான்.

நான்காம் நாள் வந்த இயன்மருத்துவப் பெண்மணியிடம் நடந்ததைக் கூறினேன். "தம்பி கனவு காணவில்லை, ஐயா. அறுபட்ட நரம்புகளும், மூளையில் அந்தக் காலுக்கென உள்ள இடமும் இன்னும் உறங்கவில்லை. இது மெய்யான நோவு" என்றார். அமெரிக்க வைத்தியர் சைலஸ் வியர் மிச்செல், போரிற் கைகால் இழந்தோரிடம் இதனைக் கண்டு 1871ஆம் ஆண்டிலேயே எழுதியுள்ளார் என்பதைப் பின்னர் படித்தறிந்தேன்.

அவர் கொணர்ந்தது மருந்தன்று, ஒரு நிலைக்கண்ணாடி. அதனைப் பையனின் இரு தொடைகளுக்கும் நடுவே நெடுக்காக நிறுத்தினார். வலக்காலின் பிம்பம், இழந்த இடக்காலின் இடத்திலே தோன்றிற்று. "வலக்கால் விரல்களை மெல்ல விரித்து மடக்கு, கண்ணாடியையே பார்" என்றார். பையனின் கண்கள் அகன்றன. "இறுகின விரல் விரியுது மாமா!" என்றான்.

தமிழ்நாட்டிற் பிறந்து, அமெரிக்காவில் ஆய்வு நடத்திய நரம்பியல் அறிஞர் வி. எஸ். இராமச்சந்திரன் 1990களில் வகுத்த முறை இது. மூளையின் கட்டளைக்குக் கால் பணிவதாகக் கண் சான்று கூறுகிறது. அதனால் மூளையின் கலக்கம் தணிகிறது என்பது அவர் கருத்து. காலிழந்த போர்வீரரிடம் இம்முறையைச் சோதித்து, நோவு குறைந்ததை 2007இல் அமெரிக்க வைத்தியர்கள் வெளியிட்டனர்.

எங்கள் பையனும் நாள்தோறும் 15 நிமிடம் பயின்றான். நோவு முற்றாக நீங்கிற்று என்று கூறேன். இம்முறை எல்லோருக்கும் பயனளிப்பதுமில்லை. வைத்தியர் தந்த மருந்தையும் நிறுத்தவில்லை. எனினும், ஒரு மாதத்தின்பின் அவன் இரவில் அயர்ந்து உறங்கினான்.

பெற்றோரே, பிள்ளை நோகிறது என்றால், முதலில் நம்புங்கள். கண்ணாடிக்கு முந்திய சிகிச்சை அதுவே. அதனை நான் அன்றிரவு கொடுக்கத் தவறினேன்.

ஒருநாள் இதைச் சொல்லி அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். அவன் சிரித்தான். "பரவாயில்லை மாமா. முதல்ல நானும் நம்பேல்லை" என்றான்.