அயர்லாந்தின் யாழ்

1792ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் அயர்லாந்தின் வடபால் உள்ள பெல்பாஸ்ட்டு நகரில் ஓர் இசைவிழா நடைபெற்றது. நாடெங்கும் உள்ள யாழ்ப்புலவர்கள் வந்து வாசித்துப் பரிசு பெறலாம் என்று அழைப்பு விடுத்திருந்தனர். வந்து சேர்ந்தவரோ ஐரியர் பதின்மர். வேல்சு நாட்டவர் ஒருவர். அப்பதின்மருள் அறுவர் கண்ணிழந்தோர். பெண்பாலார் ரோஸ் மூனி ஒருவரே. யாவரினும் இளையவருக்கு வயது 15. மூத்தவராகிய டெனிஸ் ஹெம்ப்சனுக்கு வயது 97. பல நூற்றாண்டுகளாக வளர்ந்த ஒரு கலையில் எஞ்சியிருந்தவற்றுள் பெரும்பகுதி அன்று அம்மண்டபத்தில் அடங்கிவிட்டது.

ஆங்கிலத்தில் ஹார்ப் என வழங்கும் இக்கருவியை ஐரிய மொழியில் கிளார்ஷக் என்பர். அதனைத் தமிழில் யாழ் எனக் கூறுதல் பொருந்தும். பழைய ஐரிய யாழின் உடல் ஒரே மரத்துண்டைக் குடைந்து செய்யப்பட்டது. அதற்குப் பெரும்பாலும் வில்லோ மரத்தைப் பயன்படுத்தினர். நரம்புகளுக்கு மாறாகப் பித்தளைக் கம்பிகளைப் பூட்டினர். கருவியை இடத்தோளில் சார்த்தி, இடக்கையால் உயர்ந்த ஒலிகளையும் வலக்கையால் தாழ்ந்த ஒலிகளையும் எழுப்பினர். பன்னிரண்டாம் நூற்றாண்டில் அந்நாட்டுக்கு வந்த ஜெரால்டு என்னும் வேல்சு நாட்டுத் திருச்சபைக் குரு ஐரியரிடம் குறை கண்டவரே. எனினும் அவர்தம் இசைக்கருவித் திறத்தை வாயார வியந்து எழுதினார். பிற எவற்றையும் புகழ மனமில்லாதவர் தந்த புகழாதலின் அதன் மதிப்பு மிகுதி. டப்ளின் நகரத்துத் திரினிட்டிக் கல்லூரியில் இன்றும் காட்சிக்கு வைக்கப்பட்டிருக்கும் பழைய யாழைப் பிரையன் போரு மன்னனின் யாழ் என்பர். அம்மன்னன் மறைந்தது 1014இல். யாழோ அவனுக்குச் சில நூற்றாண்டுகள் பிற்பட்டது. பெயர் தவறாயினும் அவ்வியாழின் வடிவமே அயர்லாந்து அரசின் சின்னமாகவும் நாணயங்களின் முத்திரையாகவும் விளங்குகின்றது.

குறுநில மன்னர் வாழ்ந்த காலத்தில் யாழ்ப்புலவர் அவர்தம் அவையில் சிறப்பிடம் பெற்றிருந்தனர். பதினேழாம் நூற்றாண்டில் அம்மன்னர் குடிகள் வீழ்ந்தன. அதன்பின் புலவர்கள் செல்வர் இல்லங்களை நாடி ஊர் ஊராய்த் திரியலாயினர். பெரியம்மை சிறுவர்தம் கண்களைப் பறித்த காலம் அது. ஏர் பிடிக்க இயலாத பிள்ளையை யாழாசிரியரிடம் ஒப்படைப்பது அவனுக்குப் பிழைப்பு வழி காட்டுவதாயிற்று. டர்லோ ஓ கரோலன் 18 வயதில் இவ்வாறு பார்வை இழந்தார். மக்டெர்மட் ரோ என்னும் செல்வக் குடும்பத்து அம்மையார் அவருக்கு மூன்றாண்டுகள் யாழ் பயிற்றுவித்து, ஒரு குதிரையும் வழித்துணைக்கு ஓர் ஆளும் தந்து அனுப்பினார். காலம் கடந்து தொடங்கிய கையாதலின் அவர் வாசிப்பு முதல் தரமன்று என்பர். புதிய இசை புனைவதிலோ அவருக்கு நிகர் ஒருவரும் இலர். புரந்தோர் பலரின் பெயரால் இருநூற்றுக்கு மேற்பட்ட இசைகளை இயற்றினார். 1738இல் தம் முடிவு நெருங்கியதை உணர்ந்து, முதலில் தம்மை ஆதரித்த அம்மையாரின் இல்லத்துக்கே மீண்டு அங்கு உயிர் நீத்தார்.

பெல்பாஸ்ட்டு விழாவில் இசையை எழுதிவைக்க அமர்த்தப்பட்டவர் எட்வர்டு பண்டிங்கு என்னும் 19 வயது இளைஞர். தேவாலயத்தில் ஆர்கன் வாசிப்பவர். பழைய இசையில் ஒரு சுரத்தையேனும் கூட்டலாகாது என்று அவருக்கு எச்சரித்திருந்தனர். முதற்பரிசு சார்லஸ் பானிங்கு என்பவருக்குக் கிடைத்தது. பண்டிங்கின் உள்ளத்தைக் கவர்ந்தவரோ முதியவராகிய ஹெம்ப்சன். ஏனையோர் விரலின் சதையால் மீட்டினர். ஹெம்ப்சன் ஒருவரே நீண்டு வளைந்த நகங்களால் முன்னோர் முறைப்படி மீட்டினார். பித்தளைக் கம்பியின் ஒலி எளிதில் அடங்குவதன்று. முன்னைய ஒலியை உரிய நேரத்தில் விரலால் தொட்டு அடக்காவிடின் ஒலியோடு ஒலி கலந்து குழப்பமாகும். மீட்டுவதும் அடக்குவதும் ஒன்றாகப் பழகிய கை அம்முதியவருடையது. ஓரிடத்தை இவ்வாறு வாசிப்பது ஏன் என்று வினவியபோது, தாம் கற்ற முறை அதுவே என்றும், வேறு முறையில் தமக்கு வாசிக்க வாராது என்றும் அவர் மறுமொழி கூறினார். பண்டிங்கு பின்னர் அவர் ஊராகிய மகில்லிகனுக்கும் சென்று இசை கேட்டு எழுதினார். 1807இல் ஹெம்ப்சன் மறைந்தார்.

பண்டிங்கு 1796, 1809, 1840 ஆகிய ஆண்டுகளில் மூன்று தொகுப்புகள் வெளியிட்டார். அவர் உழைப்பு இல்லையேல் அவ்விசைகளுள் பல அழிந்தே போயிருக்கும். ஆயினும் ஒரு குறையையும் சொல்லத்தான் வேண்டும். இல்லங்களில் பியானோ வாசிப்போர்க்கு ஏற்றவாறு அவர் அவற்றை மாற்றி அமைத்து அச்சிட்டார். ஒரு சுரமும் கூட்டாதே என்ற எச்சரிக்கை அச்சுக்கூடத்தின் வாயிலோடு நின்றுவிட்டது. பாட்டின் உருவம் தாளில் தங்கியது. அதனை எழுப்பிய கை தங்கவில்லை. தாமஸ் மூர் என்னும் கவிஞர் அத்தொகுப்பின் இசைகள் சிலவற்றுக்குப் பாடல் புனைந்து பெரும்புகழ் பெற்றார். தம் உழைப்பின் பயனைப் பிறர் கொண்டனர் என்னும் வருத்தம் பண்டிங்குக்கு இருந்தது.

1808இல் பெல்பாஸ்ட்டில் கண்ணிழந்த சிறுவர்க்கு யாழ் கற்பிக்க ஒரு சங்கம் தோன்றிற்று. விழாவில் வாசித்த ஆர்தர் ஓநீல் அதன் ஆசிரியரானார். பொருள் இன்மையால் அது சில ஆண்டுகளே நிலைத்தது. பழைய தொடர் இற்றது. இதற்கிடையே டப்ளினில் ஜான் ஈகன் என்னும் கைவினைஞர் குடலால் ஆன நரம்பு பூட்டிய சிறு யாழ்களைச் செய்தார். அவ்வகை யாழே கன்னியர் மடங்களின் பள்ளிகளில் உயிர் பிழைத்தது. 1960இல் யாழ் அன்பர்கள் ஒரு கழகம் நிறுவினர். இன்று அயர்லாந்தில் பெரும்பாலோர் பயில்வது நரம்பு யாழே. 2019இல் ஐக்கிய நாடுகளின் கல்வி, அறிவியல், பண்பாட்டு நிறுவனம் ஐரிய யாழ்க்கலையை மானிட குலத்தின் மரபுச் செல்வப் பட்டியலில் சேர்த்தது.

கம்பி யாழும் முற்றும் மறைந்துவிடவில்லை. ஆய்வாளர்கள் பண்டிங்கின் அச்சுநூல்களை ஒருபுறம் வைத்து, யாழ்ப்புலவர்களிடம் கேட்டபோது அவர் விரைந்து கிறுக்கிய கையேடுகளைத் தேடினர். அவை பெல்பாஸ்ட்டுக் குயின்ஸ் பல்கலைக்கழகத்தில் உள்ளன. மையும் அடித்தலும் நிறைந்த அத்தாள்களில், பியானோவுக்காகக் கூட்டிய அணிகள் இல்லாத இசை கிடைக்கின்றது. பழைய யாழ்களை அளந்து, அவற்றைப் போன்றே புதியன செய்கின்றனர். கில்கென்னி நகரில் கம்பி யாழுக்கெனக் கோடைப்பள்ளி ஒன்று 2003இல் தொடங்கிற்று. கற்போர் நகம் வளர்க்கின்றனர். யாழின் நடுவில் ஒரே சுருதியுள்ள இரண்டு கம்பிகள் உண்டு. அவற்றை உடன்பிறந்த மகளிர் என்பர். ஹெம்ப்சன் காலத்தவர் சுருதி கூட்டத் தொடங்கியது அவற்றிலிருந்தே. இன்று கற்போரும் முதலில் அவ்விரண்டையும் தட்டிக் கேட்டு, இரண்டும் ஒன்றாய் ஒலிக்கும் வரை முறுக்காணியைத் திருப்புகின்றனர்.